வாசலில் சொல்லாத சொல்

ஒலிவெட், மேல் கனடா
1838, முதல் மாதம் 20

அன்புத் தம்பி ஏனோஸுக்கு,

அக்கா தாமார் எழுதுவது. எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. உனக்கும் அப்படியே இருக்கட்டும்.

நீ ஏரிக்கு அந்தப் பக்கம் ராச்செஸ்டரில் உயிரோடு இருக்கிறாய் என்று ஆசா பெல் வந்து சொன்னார். ஊசி, நூல், சீப்பு விற்றுக்கொண்டு வண்டியில் வருவாரே, அவர்தான். அப்போது நான் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். கேட்டுவிட்டு மிச்சத்தையும் பிசைந்து முடித்தேன். சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தேன். பிறகு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

காலேப் செய்தி உனக்கு எட்டியதோ என்னவோ, எழுதிவிடுகிறேன். பன்னிரண்டாம் மாதம் ஏழாம் நாள், நீங்கள் கூடியிருந்த சத்திரத்துப் பக்கம், அரசுப் படை சுட்டதில் இடுப்பில் குண்டு பட்டது. எட்டாம் நாள் வைக்கோல் வண்டியில் போட்டுக் கொண்டுவந்தார்கள். ஒன்பதாம் நாள் மதியம் இறந்தார். மறுநாள் ஆப்பிள் தோட்டத்துக்குப் பின்னால் அடக்கம் செய்தோம். மண் அவ்வளவாக இறுகவில்லை, வெட்டச் சிரமமில்லை. நான் என் வீட்டைப் பூட்டிவிட்டு அப்பா வீட்டிலேயே இருக்கிறேன்.

அரசை எதிர்த்து நம் ஊரிலிருந்து போன பதினெட்டுப் பேரில் எட்டுப் பேர் நகரத்துச் சிறையில் இருக்கிறார்கள். மற்றவர்கள் உன்னைப் போல எங்கெங்கோ.

நீயும் காலேபும் கடைசி வரை பக்கத்தில் பக்கத்தில்தான் நின்றீர்கள் என்று சொன்னார்கள். என்ன நடந்தது என்று எழுது. அவசரமில்லை. தபாலில் வரும் கடிதங்களைப் பிரித்துப் பார்க்கிறார்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்.

அப்பா சாப்பிடுகிறார். உன்னைப் பற்றிச் சொன்னேன். தலையை ஆட்டினார்.

அக்கா
தாமார்


ராச்செஸ்டர்
இரண்டாம் மாதம் 11

அன்புள்ள அக்காவுக்கு,

ஏனோஸ் எழுதுவது. உன் கடிதம் வந்தது. நீயும் அப்பாவும் சுகம் என்று அறிந்து ஆறுதல். நானும் சுகந்தான். சதுப்புக் காட்டில் நான்கு நாள் ஒளிந்து கிடந்ததில் இடது காலில் இரண்டு விரல் கறுத்துப்போயிற்று. இங்கே வந்ததும் வைத்தியர் எடுத்துவிட்டார். நடக்க முடிகிறது.

ஆற்றோரம் ஒரு மாவு ஆலையில் மூட்டை தூக்குகிறேன். இந்த ஊரில் எங்கே திரும்பினாலும் மாவு ஆலை. இருமினால்கூட மாவுதான் வருகிறது. ஒரு விதவையின் வீட்டு மாடியில் படுக்கை. காலையில் சோளக்கூழ், மாலையில் உப்புக் கண்டம். அந்த அம்மாள் பேச்சு அதிகம். நான் குவேக்கர் என்று தெரிந்ததும், "உங்க ஆளுங்க துப்பாக்கி தொடமாட்டாங்களே, நீ எப்படி கால்ல ரெண்டு விரல் கொறஞ்சு வந்து நிக்கிற?" என்று கேட்டாள். பழைய சபை வேறு, எங்கள் சபை வேறு என்றேன். "துப்பாக்கி விஷயத்திலயுமா?" என்றாள்.

காலேப் அத்தான் செய்தி முன்பே தெரியும். என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

அப்பாவைப் பார்த்துக்கொள். அவர் பேசுகிறாரா?

தம்பி
ஏனோஸ்


ஒலிவெட்
மூன்றாம் மாதம் 4

அன்புத் தம்பிக்கு,

நான் நலம். உன் காலுக்கு வாத்துக் கொழுப்புத் தடவு.

போன வாரம் அப்பாவை நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். மூன்று குதிரைவீரர்கள் வந்தார்கள். அவர் பட்டறையில் ஒரு சக்கரத்துக்குப் பழுக்கக் காய்ச்சிய இரும்புப் பட்டை இறக்கிக்கொண்டிருந்தார். "இது ஆறுறதுக்குள்ள தண்ணி ஊத்தணும். கொஞ்சம் நில்லு," என்று அவர்களில் பெரியவனிடம் சொன்னார். அவனும் நின்றான். தண்ணீர் ஊற்றிவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு போனார்.

குற்றம் இதுதான்: சமாதானம் பேசுகிறேன் என்று பேர் வைத்துக்கொண்டு, இருபது வருடமாக அரசுக்கு எதிராக ஜனங்களைக் கிளப்பினார், கடைசியில் தன் ஆட்களைக் கையில் ஈட்டியோடு அனுப்பி வைத்தார். நிரூபணமானால் தூக்கு, அல்லது கப்பலேற்றி நாடு கடத்துவார்கள்.

பாட்டுக் குழுத் தலைவர் யோனாஸ் பிளேக் நேற்று வந்தார். அன்று காலையில் அவர்கள் புறப்பட்டபோது வாசலில் இருந்தவர்களில் சாட்சி சொல்லக்கூடியவள் நான் ஒருத்திதான். சிறையில் இருப்பவர்கள் சொன்னால் செல்லாது. ஓடிப்போனவர்கள் வர முடியாது.

"ஒரு வார்த்தைதான் தாமார். 'போகாதீங்கன்னு தடுத்தார், அவங்க கேக்கல'. அவ்வளவுதான். அவர் தடுத்திருப்பார்னு எங்க எல்லாருக்கும் தெரியும்."

"தெரியும்னா நீங்களே போய்ச் சொல்லுங்க," என்றேன்.

"நாங்க அங்க இல்லையேம்மா."

"நான் இருந்தேன்," என்றேன். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நீயும் அங்கே இருந்தாய். என்ன நடந்தது என்று உனக்கும் தெரியும். என்ன செய்யட்டும் என்று எழுது.

போன கடிதத்தில் காலேப் பற்றிக் கேட்டிருந்தேன். ஒருவேளை கவனிக்காமல் விட்டிருப்பாய்.

சர்க்கரைக்கு மேப்பிள் மரச் சாறு இறக்கிக் காய்ச்ச இந்த வருடம் ஆளில்லை. வாளிகள் மரத்தில் கட்டாமலே கிடக்கின்றன.

அக்கா
தாமார்


ராச்செஸ்டர்
மூன்றாம் மாதம் 25

அக்காவுக்கு,

சுகம். ஆற்றில் பனி உடைந்து வெள்ளம் வந்திருக்கிறது. இரண்டு ஆலைகளின் கீழ்த்தளத்தில் தண்ணீர். எங்களுடையதில் இல்லை.

யோனாஸ் சொன்னதைச் சொல்லிவிடு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அவர்கள் ஒரு வருடத்தில் நூறு பொய் சொல்லி நாட்டை ஆள்கிறார்கள். நீ ஒன்று சொன்னால் வானம் இடியாது. அப்பா உயிர் பெரிதா, உன் நாக்குப் பெரிதா?

இங்கே நம் நாட்டிலிருந்து வந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒரு சேணக்கடை மாடியில் கூடுகிறோம். இதற்கு மேல் தபாலில் எழுத முடியாது.

நீ கேட்டதைப் பிறகு எழுதுகிறேன். வேலை அதிகம்.

ஏனோஸ்


ஒலிவெட்
நான்காம் மாதம் 22

அன்புத் தம்பிக்கு,

இதை ஆசா பெல் கையிலேயே கொண்டுவருகிறார். அதனால் நீளமாக எழுதலாம். நான் நலம். அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். அவரும் நலம்தான். எடை குறைந்திருக்கிறார்.

விசாரணை பத்தாம் நாள் நடந்தது. மூன்று நீதிபதிகள். நடுவில் இருந்தவர்தான் பேசினார். சளி பிடித்திருந்தது அவருக்கு. அப்பாவைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அதிகாரி முன்னால் தொப்பியைக் கழற்றாத நம் வழக்கப்படி தொப்பியோடுதான் வந்தார். கழற்றச் சொன்னார்கள். கழற்றவில்லை. ஒரு குமாஸ்தா வந்து அவர் தலையிலிருந்து எடுத்தான். "உனக்குக் குளிருச்சுன்னா போட்டுக்கோ, பரவால்ல," என்றார் அப்பா. பின்னால் யாரோ சிரித்தார்கள்.

நீதிபதி, "என் குமாஸ்தாவை நீன்னு கூப்பிடாதே. என்னையும் கூப்பிடாதே," என்றார்.

"ஆளுநரையும் நீன்னுதான் கூப்பிட்டேன். கடவுளையும் அப்படித்தான். அவங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் கோவிச்சுக்கல."

அவ்வளவுதான் அன்று அப்பா பேசியது.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். வேதப் புத்தகத்தில் கை வைக்கச் சொன்னார்கள்.

"நாங்க சத்தியம் பண்றதில்ல," என்றேன்.

"அப்போ பொய் சொல்லுவியா?"

"அதுவும் பண்றதில்ல."

அவர் மூக்கைச் சிந்திக்கொண்டு, "உங்கப்பா யாரு, ஆரம்பத்திலேருந்து சொல்லு," என்றார். சொன்னேன். நான் பேசுவது எனக்கே தூரத்திலிருந்து கேட்டது. ஹட்சன் ஆற்றங்கரையில் தாய் தகப்பன் இல்லாமல் வளர்ந்தவர். பதினோரு வயதில் சக்கரப் பட்டறையில் சேர்ந்தார். கல்யாணமானதும் அம்மாவோடு இந்தக் காட்டுக்கு வந்தார். இங்கேதான் குவேக்கர் சபையில் சேர்ந்தார். அமெரிக்காவோடு நடந்த 1812 யுத்தத்தின்போது ஒரு நாள் சபையில் எல்லோரும் மௌனமாக உட்கார்ந்திருக்க, எழுந்து நின்று, "நாம சண்டை போட மாட்டோம்னு வீட்டுக்குள்ள உக்காந்திருக்கோம். ஆனா சண்டை போடுறவன் பிடுங்கின நிலத்துல விதைக்கிறோம். இது சமாதானமா?" என்று கேட்டார். மூப்பர்கள் உட்காரச் சொன்னார்கள். அடுத்த வாரமும் எழுந்தார். அடுத்த வாரமும் உட்காரச் சொன்னார்கள். மூன்றாவது வாரம் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். பின்னாலேயே ஆறு குடும்பம் வந்தது. சமாதான வீட்டார் சபை அவருடைய பட்டறையில் மரத்தூள் மேல் உட்கார்ந்துதான் ஆரம்பித்தது.

"அதெல்லாம் சமயம். அரசியலுக்கு எப்போ வந்தார்?"

எனக்கு அது இரண்டாகத் தெரியவில்லை என்றேன். மூப்பர்களுக்கு உயரமான பெஞ்சு வேண்டாம் என்று எல்லாப் பெஞ்சையும் ஒரே உயரத்தில் அடித்தவர், ஆளுநரைச் சுற்றியிருக்கும் பத்துக் குடும்பத்துக்கு மட்டும் உயரமான பெஞ்சு எதற்கு என்று கேட்டார். விளைச்சல் இல்லாதவன் எடுத்துக்கொள்ள ஊருக்குப் பொதுக் களஞ்சியம் வைத்தவர், அரசு ஏழில் ஒரு பங்கு நிலத்தைத் தன் ஒரே சபைக்கு எழுதி வைத்துவிட்டால் மற்றவன் எங்கே போவான் என்று கேட்டார். குழலும் கொம்பும் ஊதிக்கொண்டு வண்டி வண்டியாக இந்த நகரத்துக்கே வந்து, சந்தையில் பெட்டி மேல் ஏறி நின்று கேட்டார். மனு எழுதினார். ஓட்டுக் கேட்டார். "இதுல எதையும் அவர் ஒளிச்சுப் பண்ணல," என்றேன்.

"பன்னிரண்டாம் மாதம் ஐந்தாம் நாள் காலையில என்ன நடந்துச்சு?"

எல்லாவற்றையும் அப்படியே சொன்னேன். பதினெட்டுப் பேர் ஈட்டியோடு வாசலில் வந்து நின்றார்கள். என் தம்பி, என் வீட்டுக்காரர், மற்றவர்கள். அப்பா கதவைத் திறந்தார்.

"போகச் சொன்னாரா?"

"இல்ல."

"போகாதேன்னு சொன்னாரா?"

யோனாஸ் முன்வரிசையில் இருந்தார். அவரைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல," என்றேன்.

"அப்போ என்னதான் சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. ரொம்ப நேரம் நின்னார். அப்புறம் கையுறையைக் கழட்டி என் வீட்டுக்காரர் கையில குடுத்தார்."

"எதுக்கு?"

"அவர்கிட்ட கையுறை இல்ல. குளிரா இருந்துச்சு."

குமாஸ்தா எழுதுவதை நிறுத்திவிட்டு நீதிபதியைப் பார்த்தான். மூவரும் தலையைச் சேர்த்துப் பேசினார்கள். ஒன்றும் சொல்லாதவனை என்ன குற்றத்தில் வைப்பது என்று அவர்களுக்கே தெரியவில்லை. கடைசியில், இனிமேல் அரசு விஷயம் எதையும் பொதுவில் பேசக்கூடாது என்று எச்சரித்து, ஒரு வாரம் கழித்து அனுப்பிவிட்டார்கள்.

திரும்பி வரும் வழி முழுக்க அப்பா வாய் திறக்கவில்லை. ஊர் நெருங்கும்போது, "சரியாத்தான் சொன்ன," என்றார்.

நான் அவரைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைப்பாய். ஊரில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. அவர் தடுத்தார், பிள்ளைகள்தான் கேட்கவில்லை என்றே எல்லோரும் இவ்வளவு நாள் நம்பியிருக்கிறார்கள். சிறையில் இருக்கும் டேனியலின் அம்மா மிலிசென்ட் வாசலுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை. "இருபத்தஞ்சு வருஷம் பேசினாரே, எல்லாத்துக்கும் பேசினாரே. அந்த ஒரு நாள் மட்டும் வாய்ல என்ன இருந்துச்சாம்?" என்றாள். அப்பா உள்ளே கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

பெஞ்சுகள் பாதி காலி. அப்பா சபைக்குப் போகிறார், எழுந்து பேசுவதில்லை.

நான் அழவில்லை என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். எனக்கும் அது தெரிகிறது. வேண்டுமென்று அடக்கவில்லை.

ஆசா இரண்டு நாள் அங்கே தங்குவார். அவர் கையில் பதில் கொடு. அதை யாரும் பிரிக்க மாட்டார்கள். காலேப் பற்றி எழுது.

அக்கா
தாமார்


ராச்செஸ்டர்
ஐந்தாம் மாதம் 13

அக்காவுக்கு,

நலம்.

ஆசா அவசரப்படுகிறார். சுருக்கமாகத்தான் எழுத முடியும்.

நீ சொன்னது உண்மைதான், தெரியும். ஆனால் மிலிசென்ட் கேட்டதும் நியாயந்தான். அன்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் போயிருக்க மாட்டேன். காலேப் அத்தானும் போயிருக்க மாட்டார். வாசலில் எல்லோரும் அவர் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். கையுறை கொடுத்ததும், இதுதான் பதில் என்று எடுத்துக்கொண்டோம். சாலைக்கு வந்ததும் ஒருவன், "கெழவர் ஆசீர்வாதம் பண்ணிட்டாரு," என்றான். எல்லோரும் சிரித்தோம்.

சேணக்கடை மாடியில் முடிவாகிவிட்டது. அடுத்த மாதம் இருபதாம் நாளுக்கு மேல் நாற்பது பேர் எல்லை ஆற்றைக் கடந்து நம் நாட்டுக்குள் போகிறோம். இந்த முறை ஈட்டி இல்லை, நல்ல துப்பாக்கி. என் பெயரும் பட்டியலில் இருக்கிறது. அப்பாவிடம் சொல்ல வேண்டாம். சொன்னாலும் என்ன, கையுறைதான் அனுப்புவார்.

ஏனோஸ்


ஒலிவெட்
ஆறாம் மாதம் 10

தம்பிக்கு,

நான் நலம். உன் கடிதத்தை அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். சொல்லவேண்டாம் என்று எழுதியிருந்தாய். அவர் "என்ன எழுதியிருக்கான்?" என்று கேட்டார். கேட்டபிறகு வேறு என்ன செய்வது?

ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் படித்தார். மடித்துக் கொடுத்தார். சாப்பிட்டார். பிறகு திரும்பவும் கேட்டு வாங்கினார். மறுநாள் பட்டறையிலிருந்து வந்து மூன்றாவது தடவை கேட்டார்.

நேற்று வெயில்காலப் பண்டிகை. பாட்டுக் குழு வாசித்தது. நீ ஊதும் கொம்பை யோனாஸின் தங்கை ஊதினாள். அப்பா கடைசிப் பெஞ்சில் கதவோரம் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் அவர் எழுந்து பேசுவார் என்று காத்திருந்தார்கள். நெடுநேரம் காத்திருந்தார்கள். பிறகு சாப்பாட்டுக்கு எழுந்தார்கள்.

இன்று காலை அவர் படுக்கை மடித்திருக்கிறது. நல்ல கோட்டும் கைத்தடியும் இல்லை. பட்டறையைப் பூட்டிச் சாவியை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். எங்கே என்று சொல்லவில்லை. நகரத்துச் சாலையில் நடந்து போனதைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார்.

அங்கே வருகிறாரோ என்னவோ. அவருக்கு வயது அறுபத்திமூன்று. வந்தால் அவரிடம் மரியாதையாக நடந்துகொள்.

தாமார்


ராச்செஸ்டர்
ஆறாம் மாதம் 26

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பா இங்கேதான் இருக்கிறார், சுகம். கவலைப்படாதே. அடுத்த வாரம் ஆசாவோடு அனுப்பிவைக்கிறேன், இந்தக் கடிதத்தோடு. நானும் உயிரோடு இருக்கிறேன். நான் போகவில்லை.

பதினேழாம் நாள் மத்தியானம். ஆலை வாசலில் வண்டியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். திரும்பினால் அப்பா. நீராவிப் படகில் ஏரியைக் கடந்து, துறையிலிருந்து ஏழு மைல் நடந்து வந்திருக்கிறார். தலையில் அந்தத் தொப்பி. என் மேஸ்திரி அவரைப் பார்த்து, "பெரியவரே, என்ன வேணும்?" என்றான்.

"என் மகன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும். உன் வேலை கெடாது," என்றார்.

என்னிடம் வந்து நின்றார். எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை.

"போகாதே," என்றார்.

எனக்குக் கோபம் வந்தது, அக்கா. ஆறு மாதமாக வராத கோபம் எல்லாம் வந்தது. "இதை அன்னிக்குச் சொல்லியிருக்கணும்," என்றேன்.

"ஆமா."

"ஏன் சொல்லல?"

மூட்டை மேல் உட்கார்ந்தார். கோட்டெல்லாம் மாவு. மேஸ்திரி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சொன்னாலும் போயிடுவீங்கன்னு பயந்தேன். நான் சொல்லி நீங்க போயிட்டா, இருபத்தஞ்சு வருஷமா நான் கட்டினதுக்கு ஒரு எடையும் இல்லன்னு ஊருக்கே தெரிஞ்சுபோயிடும். சொல்லாம இருந்துட்டா, சொல்லியிருந்தா கேட்டிருப்பாங்கன்னு நெனச்சுக்கிட்டே இருக்கலாம்ல."

நான் அடுத்த மூட்டையைத் தூக்கி வண்டியில் போட்டேன்.

"அது ஒண்ணு. இன்னொண்ணும் இருக்கு. நீங்க ஜெயிச்சுடுவீங்களோன்னும் ஒரு ஓரத்துல ஆசை இருந்துச்சு. அதைக் கையுறையில வச்சுக் குடுத்துட்டேன். காலேப் வாங்கிட்டுப் போனான்."

பிறகு எழுந்து கோட்டைத் தட்டிக்கொண்டார். "இப்ப சொல்லிட்டேன். நீ போனாலும் போ. நான் சொன்னது சொன்னதுதான்," என்றார்.

நாற்பது பேர் என்றோம். இருபத்தாறு பேர்தான் போனார்கள். பதினோரு பேர் பிடிபட்டார்கள் என்று நேற்றுச் செய்தி வந்தது. என் அறையில் கூடப் படுத்திருந்தவனும் அதில் ஒருவன். சேணக்கடைப் பக்கம் நான் போனால் துப்புகிறார்கள்.

போன ஞாயிறு, நம் முதல் நாளில், அப்பா இங்கே பழைய குவேக்கர் சபைக்குப் போனார். அவர் விட்டு வந்த அதே சபைதான். கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்தார். யாரென்று ஒருவர் கேட்டாராம். "சக்கரம் செய்யறவன்," என்றாராம்.

அக்கா, அவர் அவ்வளவு சொன்ன பிறகு நான் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நீ மூன்று முறை கேட்டுவிட்டாய்.

பீரங்கிக் குண்டு சத்திரத்தின் சுவரைத் துளைத்துக்கொண்டு வந்ததும் எல்லோரும் காட்டைப் பார்த்து ஓடினோம். அத்தான் எனக்கு இரண்டு எட்டு பின்னால். விழுந்த சத்தம் கேட்டது. திரும்பினேன். பக்கவாட்டில் கிடந்தார். "ஏனோஸ், கையைக் குடு," என்றார். கை நீட்டினார். அவர் முகத்தைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு நான் ஓடினேன். இரண்டாவது தடவையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மூன்றாவது தடவை கூப்பிடவில்லை.

தூக்கியிருந்தால் இருவரும் போயிருப்போம் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அது தெரியாது. அப்போது அந்தக் கணக்கெல்லாம் நான் போடவில்லை. கால் ஓடியது.

இதுதான் நடந்தது. மன்னிக்க முடியுமா என்று எழுது. முடியாது என்றாலும் எழுது.

உன் தம்பி
ஏனோஸ்


ராச்செஸ்டர்
எட்டாம் மாதம் 5

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். அப்பா ஊர் வந்து சேர்ந்தாரா? என் கடிதம் கிடைத்ததா? ஆசா பெல் இந்தப் பக்கம் வரவில்லை. தபாலிலாவது ஒரு வரி எழுது. எதுவானாலும் சரி.

ஏனோஸ்


ஒலிவெட்
ஒன்பதாம் மாதம் 2

அன்புத் தம்பிக்கு,

நான் நலம். அப்பா வந்து இரண்டு மாதம் ஆகிறது, நலம். உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. பதில் எழுத ஐந்தாறு தடவை உட்கார்ந்தேன். ஆசாவுக்குக் காய்ச்சல் என்பது ஒரு காரணம். ஆனால் முழுக் காரணம் அதில்லை.

முதலில் ஊர்ச் செய்தி. சிறையில் இருந்த எட்டுப் பேரில் ஆறு பேர் வந்துவிட்டார்கள். இருவரைக் கப்பலேற்றி உலகத்தின் அடிப்பக்கம் அனுப்புகிறார்களாம். அதில் டேனியல் ஒருவன்.

அப்பா வந்த வாரமே சபையில் எழுந்தார். கடைசிப் பெஞ்சிலிருந்தே பேசினார். உன்னிடம் மாவு மூட்டை மேல் உட்கார்ந்து சொன்னதை அங்கே எல்லோர் முன்னாலும் சொன்னார். கையுறையில் வைத்துக் கொடுத்ததையும் சொன்னார். முடித்துவிட்டு உட்காரவில்லை. யாராவது ஏதாவது கேட்கட்டும் என்று நின்றார். மிலிசென்ட் எழுந்தாள்.

"ஏழு மாசம் கழிச்சுச் சொல்றியே."

"ஆமா."

"என் பிள்ளைக்கு இதனால என்ன ஆகப்போகுது?"

"ஒண்ணும் ஆகாது."

அவள் வெளியே போய்விடுவாள் என்று நினைத்தேன். உட்கார்ந்தாள். மற்றவர்களில் பத்துப் பன்னிரண்டு குடும்பத்தார் அன்றோடு சபையை விட்டுப் போய்விட்டார்கள். யோனாஸும் போய்விட்டார், பாட்டுக் குழுவில் பாதிப் பேரோடு. மிச்சமிருப்பவர்கள் நாற்பது பேர் இருப்போம். அப்பாவை யாரும் தலைவர் என்று இப்போது சொல்வதில்லை, அவரும் கேட்பதில்லை. சிறையில் இருக்கும் இருவருக்காக மனு எழுதிக்கொண்டு வீடு வீடாகக் கையெழுத்துக்குப் போகிறார். பேசக்கூடாது என்றுதானே எச்சரித்தார்கள், எழுதக்கூடாது என்று சொல்லவில்லையே என்கிறார். சிலர் கதவைத் திறப்பதில்லை. மறுநாளும் போகிறார்.

இனி நீ கேட்டது.

காலேபை வைக்கோல் வண்டியில் கொண்டுவந்தபோது அவருக்கு நினைவு இருந்தது. ஒன்பதாம் நாள் காலையில் கஞ்சி கேட்டார். இரண்டு கரண்டி குடித்தார். பிறகு அவராகவே சொன்னார்: "ஏனோஸ் என்னைத் தூக்க வந்தான். நான்தான் ஓடுடான்னு வெரட்டிவிட்டேன். அவன் வரமாட்டேன்னு நின்னான். அவன் மேல எந்தக் கோவமும் வச்சுக்காதே." அதற்கப்புறம் என்னிடம் எதுவும் பேசவில்லை. அதுதான் கடைசி.

இதை நான் உனக்கு எழுதவே இல்லை. நீயே எழுதட்டும் என்று இருந்தேன். அவர் சொன்னதை உன் கையெழுத்திலும் ஒரு தடவை படித்தால் அவரை இன்னொரு தடவை கேட்ட மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். நீ எழுதாமல் தள்ளிப்போட்டபோதெல்லாம், தன்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லக் கூச்சப்படுகிறான் என்றுதான் நினைத்தேன்.

உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் தெரிகிறது. ஆறு வருட வாழ்க்கையில் காலேப் என்னிடம் சொன்ன ஒரே பொய் அது. அப்பாவைத் தூக்கிலிருந்து காப்பாற்ற நான் சொல்லாத பொய்யை, உன்னை என்னிடமிருந்து காப்பாற்ற அவர் சொல்லியிருக்கிறார். இரண்டு மாதமாக இதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் பால் கறந்தேன், ஆப்பிள் வெட்டிக் காயவைத்தேன்.

நீ உண்மையை எழுதியது சரி. அதனால் எனக்கு எதுவும் சுலபமாகவில்லை என்பதும் உண்மை. அவருடைய கடைசி வார்த்தையை நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது அது வேறொன்றாக இருக்கிறது. முன்பைவிடப் பெரிதா சிறிதா என்று தெரியவில்லை.

மன்னிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறாய். சபையில் உட்காருவது போல உட்கார்ந்து பார்த்தேன். ஒவ்வொரு முதல் நாளும் அதற்காகவே உட்கார்ந்தேன். ஒன்றும் வரவில்லை. கோபமும் வரவில்லை. நம் வழக்கம் உனக்குத் தெரியும். உள்ளே ஒன்று வந்தால்தான் எழுந்து பேசுவோம். வராததை வந்ததாகச் சொல்ல மாட்டோம். காலேப் சொல்லியிருப்பார். நான் அவரில்லை.

வந்தால் அன்றே எழுதுகிறேன். அதுவரை நீ எழுதுவதை நிறுத்தாதே. எதுவும் இல்லையென்றால் வெள்ளம், ஆலை, அந்த அம்மாளின் பேச்சு, எதையாவது எழுது. நான் படிக்கிறேன்.

அக்கா
தாமார்